அடிமை வியாபாரி எழுதிய பாடல்

'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலப் பாடலை ஒருமுறையாவது கேட்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தேவாலயத்தில் கேட்டிருக்கலாம். ஏதாவது ஒரு ஆங்கிலப் படத்தில், அடக்கம் செய்யும் காட்சியில் கேட்டிருக்கலாம். சொற்களே இல்லாமல் வெறும் இசையாகவும் கேட்டிருக்கலாம். 'வியத்தகு கிருபை' என்று தமிழில் சொல்லலாம். தன்னைப் போன்ற ஒரு கேடுகெட்டவனையும் கடவுள் கைவிடவில்லையே என்று ஒருவன் ஆச்சரியப்பட்டு மகிழ்வதுதான் அந்தப் பாடலின் கருத்து.

'கேடுகெட்டவன்' என்பது அங்கே வெறும் பணிவுக்காகச் சொன்ன சொல் அல்ல. பாடலை எழுதிய ஜான் நியூட்டன் ஒரு காலத்தில் அடிமை வியாபாரி. மனிதர்களை விலைக்கு வாங்கி, விலங்கு பூட்டி, கப்பலில் ஏற்றி, கடலுக்கு அப்பால் கொண்டுபோய் விற்றவர்!

இந்தக் கதையைப் பல இடங்களில் இப்படிச் சொல்வார்கள்: நியூட்டன் ஒரு அடிமைக் கப்பலின் கேப்டன். நடுக்கடலில் புயல் வந்தது. கடவுளைக் கூப்பிட்டார். பிழைத்தார். மனம் மாறினார். அந்தத் தொழிலை விட்டார். பாடலை எழுதினார். முடிந்தது கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி அல்ல. புயல் வந்தபோது நியூட்டன் கேப்டனே இல்லை. அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனதே அந்தப் புயலுக்குப் பிறகுதான்!

உண்மைக் கதை கொஞ்சம் சங்கடமானது. ஆனால், செய்த தவற்றைக் கடந்து மறுபடி மகிழ்ச்சியாக வாழ முடியுமா என்று யோசிக்கிற எவருக்கும் அந்த உண்மைக் கதைதான் அதிகம் பயன்படும்.

தாயை இழந்த பையன்

ஜான் நியூட்டன் 1725ல் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள வாப்பிங் பகுதியில் பிறந்தார். அப்பா வணிகக் கப்பலின் கேப்டன். அம்மா எலிசபெத் பக்தியுள்ளவர். மகனுக்குச் சிறு வயதிலேயே வேத வசனங்களையும் பாடல்களையும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஜானுக்கு ஏழு வயது நிறைவதற்குள் காசநோயில் இறந்துபோனார். பதினொரு வயதில் ஜான் அப்பாவுடன் கடலுக்குப் போய்விட்டான்.

பையன் முரடனாக வளர்ந்தான். பதினேழு வயதில் மேரி கேட்லெட் என்ற பெண்ணைப் பார்த்தான், காதலித்தான். அவள் வீட்டில் அதிக நாள் தங்கிவிட்டதால், ஜமைக்காவுக்குப் போக வேண்டிய கப்பலையே தவறவிட்டான்! 1744ல் ஆங்கிலேயக் கடற்படை அவனை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அது சட்டப்படியே நடந்த வழக்கம். அவன் தப்பி ஓடினான், பிடிபட்டான், சாட்டையடி வாங்கினான், பதவியும் போனது. கடவுள் என்று ஒருவர் இல்லை என்று பேசித் திரிந்தான். மற்றவர்களின் நம்பிக்கையையும் கெடுப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

கடற்படை அவனை ஓர் அடிமைக் கப்பலுக்கு மாற்றியது. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய சியரா லியோன் கரையில், ஓர் ஆங்கிலேய அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கடும் காய்ச்சல் வந்தது. வியாபாரியின் ஆப்பிரிக்க மனைவி அவனை வெறுத்தாள். அவள் சாப்பிட்டு முடித்த தட்டில் மிஞ்சியதே பல நாள் அவன் சாப்பாடு. உடுத்தச் சரியான துணி இல்லை. பசி தாங்காமல், இரவில் தோட்டத்துக் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான்.

அந்த நாட்களில் அவனுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த கொஞ்சத்தில் இருந்து, யாருக்கும் தெரியாமல், இந்த வெள்ளைக்காரப் பையனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நியூட்டனே பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்த வியாபாரியின் தோட்டத்தில் அவன் எலுமிச்சை நட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து வியாபாரி கிண்டல் செய்தான். இந்த மரம் காய்ப்பதற்குள் நீ ஊருக்குப் போய், ஒரு கப்பலுக்குக் கேப்டனாகி, இங்கே திரும்பி வந்து இதைப் பறித்தாலும் பறிப்பாய் என்றான். கிண்டலாகச் சொன்னது பலித்தது. சில வருடங்களில் நியூட்டன் அதே கரைக்குக் கேப்டனாகவே வந்தார். எதற்கு? அடிமைகளை வாங்க!

புயல்

அப்பா கேட்டுக்கொண்டதால், 'கிரேஹவுண்ட்' என்ற வணிகக் கப்பலின் கேப்டன் நியூட்டனைத் தேடிப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அது அடிமைக் கப்பல் அல்ல. தங்கம், தந்தம், தேன்மெழுகு, சாயமரம் ஆகியவற்றை வாங்கிப் போகும் கப்பல்.

1748 மார்ச் மாதம் வட அட்லாண்டிக் கடலில் புயல் தாக்கியது. அந்த நாளை நியூட்டன் தன் வாழ்நாள் முழுதும் மார்ச் 21 என்று நினைவில் வைத்திருந்தார். தூங்கிக்கொண்டிருந்தவரின் அறைக்குள் கடல் தண்ணீர் புகுந்தது. மேலே ஏறப் போனவரைக் கேப்டன் கத்தி கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே போன ஆளை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

விடியும் முன்பிருந்து நண்பகல் வரை தண்ணீரை இறைத்தார்கள். அந்த நேரத்தில், இதுவும் பலிக்காவிட்டால் ஆண்டவர்தான் இரங்க வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார் நியூட்டன். சொன்ன பிறகு அவருக்கே அதிர்ச்சி. பல வருடங்களாகக் கடவுளைப் பழித்துக்கொண்டிருந்த வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தையா? எனக்கு இரக்கம் கேட்க என்ன உரிமை இருக்கிறது?

கப்பல் மூழ்கவில்லை. சரக்கில் பெரும்பகுதி தேன்மெழுகும் மரமும் என்பதால் அது மிதந்தது என்பதும் ஒரு காரணம். உடைந்த கப்பல் சுமார் நான்கு வாரம் கழித்து அயர்லாந்தின் வடகரையை அடைந்தது. சாப்பாடு கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருந்தது.

இங்கேதான் அவருடைய நம்பிக்கை தொடங்கியது. கெட்ட வார்த்தை பேசுவதை விட்டார். வேதம் வாசித்தார், ஜெபம் செய்தார். ஆனால்...

ஜெபமும் விலங்கும்

அதே 1748ல் 'பிரவுன்லோ' என்ற அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் ஆட்களை ஏற்றி, அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் கொண்டு போனார்கள். 1750ல், தான் காதலித்த மேரியையே திருமணம் செய்துகொண்டார். அந்த வருடமே 'டியூக் ஆஃப் ஆர்கைல்' கப்பலின் கேப்டன் ஆனார். அதன் பிறகு 'ஆப்பிரிக்கன்' என்ற கப்பலில் இரண்டு பயணங்கள். கேப்டனாக மொத்தம் மூன்று பயணங்கள் போனார். எல்லாமே புயலுக்குப் பிறகு, மனந்திரும்பிய பிறகு!

அன்றைய வியாபாரம் ஒரு முக்கோணம். லிவர்பூலில் இருந்து துணி, இரும்பு, துப்பாக்கி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா போவார்கள். அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களை விற்று, சர்க்கரை போன்ற சரக்கோடு ஊர் திரும்புவார்கள். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் லாபம். முதலீடு செய்தவர்கள், காப்பீடு கொடுத்தவர்கள், சர்க்கரை வாங்கியவர்கள் என்று நாட்டில் எத்தனையோ கைகளில் அந்தப் பணம் புழங்கியது. யாருக்கும் அது குற்றமாகத் தெரியவில்லை. சட்டமும் தடுக்கவில்லை.

நியூட்டன் தன் கப்பலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கேப்டன் அறையில் உட்கார்ந்து லத்தீன் படித்தார். மனைவிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். அதே கையால் கப்பல் குறிப்பேட்டையும் எழுதினார். அதில் செத்துப்போன அடிமைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

1752 டிசம்பரில் அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிடுவதைக் கண்டுபிடித்தார். கடவுளின் தயவால் சரியான நேரத்தில் தெரிந்தது என்று குறிப்பேட்டில் எழுதினார். உண்மையை வரவழைக்கச் சில சிறுவர்களுக்குக் கட்டைவிரலை நசுக்கும் கருவியை மாட்டினார். அதையும் எழுதி வைத்தார். கடவுளுக்கு நன்றியும் சிறுவர்களின் சித்திரவதையும் ஒரே குறிப்பில்!

கடைசிப் பயணத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அது அந்தத் தொழிலில் அபூர்வம். லிவர்பூல் திரும்பியதும் அதற்காகத் தேவாலயத்தில் நன்றி செலுத்தினார். சாகாமல் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கரையில் என்ன காத்திருந்தது என்று அவர் அப்போது யோசித்ததாகத் தெரியவில்லை.

நியூட்டன் நடித்தாரா? இல்லை, அதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். அவர் உண்மையாகவே ஜெபித்தார். உண்மையாகவே மகிழ்ந்தார். தன் பாவங்கள் என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். குடி, காமம், கெட்ட பேச்சு, தெய்வ நிந்தனை என்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அந்தப் பட்டியலிலேயே இல்லை!

1754ல் அடுத்த பயணம் புறப்பட இரண்டு நாள் இருந்தபோது, மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. மருத்துவர்கள் பயணம் வேண்டாம் என்றார்கள். கடல் தொழில் முடிந்தது. மனசாட்சி நிறுத்தவில்லை, உடம்பு நிறுத்தியது. விலங்கும் சங்கிலியுமாக இருந்த அந்த வேலை அவருக்குச் சலிப்பைக் கொடுத்தது உண்மை. வேறு வேலை வேண்டும் என்று ஜெபித்ததும் உண்மை. ஆனால் அது பாவம் என்று அவருக்கு அன்று உறைக்கவில்லை.

சுவரில் எழுதிய வசனம்

அதன் பிறகு லிவர்பூலில் சுங்கத் துறை வேலை. ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். போதகராக விரும்பினார். முதலில் மறுத்தார்கள். 1764ல்தான் இங்கிலாந்து திருச்சபை அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டது. ஓல்னி என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். கையால் லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் நிறைந்த ஊர். அவர்களுக்குப் புரியும்படி எளிய சொற்களில் பாடல்கள் எழுதினார். 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக எழுதியதுதான் 'அமேசிங் கிரேஸ்'. தாவீது ராஜா, என்னை இவ்வளவு தூரம் கொண்டுவர நான் எம்மாத்திரம் என்று கடவுளிடம் வியந்து கேட்கும் வேதப் பகுதியைத்தான் அன்று பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்று பாடப்படும் மெட்டு பிறகு அமெரிக்காவில் 1835ல் சேர்ந்தது.

ஓல்னியில் அவருடைய படிப்பறைச் சுவரில் ஒரு வசனத்தை எழுதி வைத்திருந்தார். உபாகமம் 15ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். நீ எகிப்தில் அடிமையாக இருந்ததையும் கர்த்தர் உன்னை மீட்டதையும் மறவாதே என்பது அதன் பொருள். ஆப்பிரிக்கக் கரையில் பட்டினி கிடந்த தன்னையே அதில் அவர் பார்த்தார்.

ஆனால் வேதத்தைத் திறந்து அதே அதிகாரத்தில் அதற்கு முந்திய மூன்று வசனங்களைப் படித்துப் பாருங்கள். அடிமையாக வாங்கிய உன் சகோதரனை ஏழாம் வருடம் விடுதலை செய், வெறுங்கையாக அனுப்பாதே, ஆடும் தானியமும் திராட்சரசமும் கொடுத்து அனுப்பு என்று இருக்கிறது. நீயும் அடிமையாக இருந்தவன்தானே, அதனால்தான் இதைச் சொல்கிறேன் என்று முடிகிறது. அதாவது, அந்த வசனம் விடுவிக்கப்பட்டவனுக்கு வெறும் ஆறுதல் அல்ல. அவன் கையில் இருக்கும் அடிமையைப் பற்றிய கட்டளை!

நியூட்டன் தினமும் பார்த்த சுவரில் பாதிதான் எழுதியிருந்தது. மீதிப் பாதியைப் படிக்க அவருக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின.

அந்தக் காலத்து மனிதர், அவருக்கு எப்படித் தெரியும் என்று சொல்லலாம். அது முழு உண்மை அல்ல. 1761லேயே லண்டன் குவேக்கர்கள் அடிமை வியாபாரம் செய்கிறவர்களைத் தங்கள் சபையில் இருந்து விலக்க முடிவு செய்துவிட்டார்கள். 1774ல் ஜான் வெஸ்லி அடிமை முறையைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். கண் இருந்தவர்கள் அன்றும் இருந்தார்கள்.

மகிழ்ச்சி கிடைக்காத நண்பர்

ஓல்னியில் நியூட்டனுக்கு வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் நண்பரானார். இருவரும் சேர்ந்து எழுதிய பாடல் தொகுப்பு 1779ல் வெளிவந்தது. மொத்தம் 348 பாடல்கள். பெரும்பாலானவை நியூட்டனுடையவை.

கூப்பர் மென்மையான மனிதர். முயல் வளர்த்தவர். யாருக்கும் தீங்கு செய்யாதவர். ஆனால் கடுமையான மனநோய் அவரை விடவில்லை. 'அமேசிங் கிரேஸ்' எழுதப்பட்ட அதே 1773 தொடக்கத்தில் அவர் நிலைகுலைந்தார். கடவுள் தன்னை நிரந்தரமாகக் கைவிட்டுவிட்டார் என்று நம்பினார். நியூட்டனும் மேரியும் அவரைத் தங்கள் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1800ல் சாகும்வரை கூப்பருக்கு அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம். பெரிய தவறு செய்தவருக்கு மன்னிப்பின் நிச்சயமும் மகிழ்ச்சியும் இருந்தன. தவறே செய்யாதவருக்கு இரண்டுமே இல்லை! மகிழ்ச்சி இல்லாதது ஒருவரின் பாவத்துக்கு அடையாளம் அல்ல. மகிழ்ச்சியாக இருப்பது ஒருவர் சரியாக இருக்கிறார் என்பதற்கும் அடையாளம் அல்ல. நம்பிக்கை இருந்தால் சோகம் வராது என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு நண்பர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நியூட்டன் கூப்பருக்கு அப்படி உபதேசம் செய்துவிட்டுப் போகவில்லை. கூடவே இருந்தார்.

62 வயதில் ஒரு வாக்குமூலம்

1780ல் நியூட்டன் லண்டனுக்கு மாறினார். வங்கிகளுக்குப் பெயர்போன லம்பார்ட் தெருவில், செயின்ட் மேரி வூல்நாத் தேவாலயம். 1785 டிசம்பரில் ஓர் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் அவரை ரகசியமாகச் சந்திக்க வந்தார். வயது 26. பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். புதிதாக நம்பிக்கைக்குள் வந்திருந்த அவருக்கு, அரசியலை விட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்ற குழப்பம். போக வேண்டாம், நாடாளுமன்றத்திலேயே இருந்து கடவுளுக்குப் பணி செய் என்றார் நியூட்டன். அந்த இளைஞர்தான் பின்னால் அடிமை வியாபார ஒழிப்பு மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் இருபது வருடம் போராடினார்.

1787ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்க லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. 1788 ஜனவரியில் நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் பற்றிய தன் எண்ணங்களை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 62. புயல் அடித்து 40 வருடம். கடலை விட்டு 34 வருடம். அந்தப் பாடலை எழுதி 15 வருடம்!

அந்த நூலில் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. நானே இதில் பங்குகொண்டவன், இன்று நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது என்ற பொருளில் எழுதினார். இந்த அறிக்கை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், நடந்த கொடுமையைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாதபடி மிகத் தாமதமாக வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். கப்பலின் அடித்தளத்தில் சுமார் ஐந்தடி உயரமே உள்ள இடத்தில், அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல மனிதர்களை இரண்டு அடுக்காகப் படுக்க வைத்ததை எழுதினார். பெண்களுக்கு மாலுமிகள் செய்த கொடுமையை எழுதினார். கட்டைவிரல் நசுக்கும் கருவியையும் எழுதினார்.

இதன் பலம் எதில்? எதிர்த்துப் பேசியவர்களில் பலர் அடிமைக் கப்பலைப் பார்த்ததே இல்லை. வியாபாரிகள், நீங்கள் சொல்வதெல்லாம் மிகை என்று சுலபமாகத் தள்ளிவிடலாம். ஆனால் நியூட்டனை அப்படித் தள்ள முடியாது. அவர் அந்தக் கப்பலை ஓட்டியவர்! அதே வருடம் அரசின் பிரிவி கவுன்சில் முன்பும், 1790ல் நாடாளுமன்றக் குழு முன்பும் சாட்சி சொன்னார். ஊரே மதிக்கும் போதகர், தன் இளமையின் அசிங்கத்தை அதிகாரிகள் முன் நின்று, பதிவாகும்படி, ஒவ்வொன்றாகச் சொன்னார். நண்பர் கூப்பரும் 1788ல் அடிமை முறைக்கு எதிராகக் கவிதைகள் எழுதினார்.

சகேயு கதை நினைவிருக்கும். வரி வசூலில் ஏமாற்றிச் சேர்த்தவன். இயேசு வீட்டுக்கு வந்த அன்றே எழுந்து நின்று, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அவனுடைய மகிழ்ச்சியும் கணக்குத் தீர்ப்பதும் ஒரே நாளில் வந்தன. நியூட்டனுக்கு இரண்டுக்கும் நடுவே நாற்பது வருடம். அதற்குள் அவர் விற்ற மனிதர்களில் எத்தனை பேர் கரும்புத் தோட்டங்களில் செத்திருப்பார்கள்! நாலத்தனை என்ன, ஒரு பங்குகூட அவர்களுக்குத் திரும்பப் போகவில்லை. அந்தக் கடனை அடைக்க வழியே இல்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது.

பிறகு எப்படி மகிழ்ச்சி?

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு நியூட்டன் இடிந்துபோனாரா? இல்லை. அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் நகைச்சுவையும் கனிவுமான ஒரு கிழவரையே பார்த்தார்கள். 1790ல் மேரி இறந்தபோது அடக்க ஆராதனைப் பிரசங்கத்தை அவரே செய்தார். கண் மங்கியது, காது மங்கியது. எண்பது வயதில் ஓய்வெடுங்கள் என்று நண்பர்கள் சொன்னபோது, ஆப்பிரிக்காவில் தெய்வ நிந்தனை செய்து திரிந்த கிழவன் பேச முடிகிறவரை நிறுத்துவானா என்று கேட்டாராம். நினைவு போய்விட்டாலும் இரண்டு விஷயம் மறக்கவில்லை, நான் பெரிய பாவி, கிறிஸ்து பெரிய இரட்சகர் என்று சொன்னதாகவும் பதிவு இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதை மறந்தால் இரண்டாவது வெறும் சுயதிருப்தி. இரண்டாவதை மறந்தால் முதலாவது ஆளையே விழுங்கிவிடும். இளம் கேப்டன் நியூட்டனின் மகிழ்ச்சி, தவறு கண்ணில் படாததால் வந்த மகிழ்ச்சி. கிழவர் நியூட்டனின் மகிழ்ச்சி, தவற்றை முழுதாகப் பார்த்த பிறகும் தான் கைவிடப்படவில்லை என்று அறிந்ததால் வந்த மகிழ்ச்சி. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். ஆனால் இரண்டாவதுதான் அவரை அதிகாரிகள் முன் நின்று உண்மை பேச வைத்தது.

மன்னிப்பில் நம்பிக்கை இல்லாதவர் தன் தவற்றை ஒளிக்கத்தான் பார்ப்பார். காரணம் சொல்வார், காலத்தின் மேல் பழி போடுவார். மன்னிக்கப்பட்டேன் என்று நம்புகிறவருக்கு ஒளிக்க அவசியம் இல்லை. தவற்றைக் கடந்து செல்வது என்றால் அதை மறப்பது அல்ல, அதைப் பார்த்துப் பயந்து ஓடாமல் இருப்பது.

1807 பிப்ரவரியில் அடிமை வியாபார ஒழிப்பு மசோதா 283க்கு 16 என்ற வாக்குகளில் நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியது. மார்ச் 25ல் சட்டம் ஆனது. அந்த வருடம் டிசம்பர் 21ல் நியூட்டன் தன் 82ஆம் வயதில் இறந்தார். அந்தச் சட்டம் வியாபாரத்தைத்தான் நிறுத்தியது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ல்தான் வந்தது. தன் கல்லறை வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். போதகர் என்பதோடு, ஒரு காலத்தில் நம்பிக்கையற்றவன், ஒழுக்கம் கெட்டவன், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியன் என்பதும் அதில் இருக்கிறது.

மறுபடியும் சார்ல்ஸ்டன்

1749ல் நியூட்டன் வேலை செய்த கப்பல் தன் அடிமைகளைச் சார்ல்ஸ்டனில் இறக்கியது. அங்கே தங்கியிருந்த நாட்களில் அவர் ஊருக்கு வெளியே உள்ள காடுகளில் தனியாக நடந்து ஜெபம் செய்வார். ஜெபம் இனிமையாக இருந்ததாம்.

2015 ஜூன் 17ல் அதே சார்ல்ஸ்டனில், கறுப்பின மக்களின் பழமையான இம்மானுவேல் தேவாலயத்தில், வேத வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், இறந்தவர்களின் உறவினர்கள் சிலர் அழுதுகொண்டே அவனை மன்னிப்பதாகச் சொன்னார்கள். ஜூன் 26ல், கொல்லப்பட்ட போதகரின் அடக்க ஆராதனையில் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா பேசினார். பேச்சின் நடுவே நிறுத்தினார். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மெதுவாகப் பாடத் தொடங்கினார். கூட்டம் முழுவதும் எழுந்து சேர்ந்து பாடியது.

'அமேசிங் கிரேஸ்'.

விற்றவர் எழுதிய பாடலை, விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் பாடினார்கள். எவர் எழுதியது என்று தெரிந்தே அந்தப் பாடலைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். நியூட்டன் அடைக்க முடியாத கடனுக்கு அது ரசீது ஆகாது. ஆனால் பட்டினி கிடந்த ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குச் சங்கிலியில் இருந்தவர்கள் தங்கள் சாப்பாட்டைக் கொடுத்தார்களே, அந்தக் கிருபை அன்றும் அந்த ஊரில் தீர்ந்துபோகவில்லை.